தூதுவளை இருக்கட்டும், தயிரை ஏன் நிறுத்தினீர்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அம்மாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். பல வருடங்களாக இளைப்பு. மூச்சு முட்டும்போது நீல நிறப் பம்பை, அதாவது இன்ஹேலரை, அடித்துக்கொள்கிறார். பம்பு பழக்கமாகிவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதால் தூதுவளைப் பொடி, ஆடாதோடை மணப்பாகு, கபசுரக் குடிநீர் மூன்றையும் தொடங்கியிருக்கிறீர்கள். சளி கட்டும் என்று தயிர், பால், முட்டை, வாழைப்பழம், ஆரஞ்சு எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறீர்கள். நுரையீரலைப் பலப்படுத்தும் உணவும் மூலிகையும் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். பம்பை விட்டுவிடலாமா என்பதுதான் அதற்குள் ஒளிந்திருக்கும் கேள்வி. நடுவில் போகிற போக்கில், இருமல் இன்னும் நிற்கவில்லை, இரண்டு மாதத்தில் நான்கு கிலோ குறைந்துவிட்டார், பத்தியத்தால் இருக்கும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு அந்த வரிதான் உறுத்தியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் நெஞ்சக நோய் மருத்துவம் படித்தவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவில் கழிந்தது. சித்த மருத்துவம் என் படிப்பு அல்ல. ஆனால் மூலிகை எதையும் தொடாமல் நேராக எங்களிடம் வருகிற இளைப்பு நோயாளி அபூர்வம் என்பதால், அதைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. தாம்பரம் சானடோரியத்தில் 1928-இல் காசநோய்க்காகத் தொடங்கிய மருத்துவமனை இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக இருக்கிறது. அதே பகுதியில்தான் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. காலையில் இங்கே, மதியம் அங்கே என்று இரண்டு சீட்டுகளை வைத்துக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. அதில் தப்பில்லை. ஒரு சீட்டை மற்றவரிடம் காட்டாமல் மறைப்பதுதான் தொல்லை.

முதலில் பம்பு. நீலப் பம்பில் இருக்கும் சால்ப்யூட்டமால் ஒரு அடிப்புக்கு 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையாக 2 அல்லது 4 மில்லிகிராமில் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு 4 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது 40 அடிப்புக்கான மருந்து. பம்பு வேண்டாம், மாத்திரை போதும் என்பவர்கள் குறைந்த மருந்தை விட்டுவிட்டு நாற்பது மடங்கை வாங்கிக்கொள்கிறார்கள். கை நடுக்கமும் படபடப்பும் கூடவே வருகின்றன. பம்பு போதை போலப் பழகுவதில்லை. ஆனால் உறவினர் சொன்னதில் ஒரு உண்மையின் வால் இருக்கிறது. நீலப் பம்பை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு அது வரவரப் போதாமல் போவது நிஜம். காரணம், அது மூச்சுக்குழாயின் இறுக்கத்தைத் தளர்த்துகிறதே தவிர உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடுவதில்லை. அழற்சியைக் குறைப்பது ஸ்டீராய்டு உள்ள இன்னொரு இன்ஹேலர். ஆஸ்துமாவுக்கு நீலப் பம்பை மட்டும் தனியாகத் தரக்கூடாது என்று உலக அளவிலான வழிகாட்டி நெறிமுறை 2019-லேயே மாற்றப்பட்டுவிட்டது. ஆகவே அம்மாவுக்குப் பம்பு கூடிக்கொண்டே போகிறது என்றால், வேண்டிய மருந்து இன்னும் கிடைக்கவில்லை என்று நினைக்கவே இடம் அதிகம்.

கிடைத்தாலும் அது நுரையீரலுக்குப் போகிறதா என்பது தனிக் கதை. ஒரு அம்மையார் மாதக்கணக்கில் இன்ஹேலர் எடுத்தும் பலனில்லை என்று வந்தார். எப்படி எடுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். மஞ்சள் பையிலிருந்து கேப்ஸ்யூலை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அந்தக் கருவி? பேரன் விளையாட எடுத்துக்கொண்டானாம். பொடியை உறிஞ்சும் கேப்ஸ்யூலை விழுங்குபவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பம்பை நாக்கின்மேல் அடித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்பவர்கள் அதைவிட அதிகம். அம்மாவை உங்கள் எதிரில் ஒருமுறை அடிக்கச் சொல்லுங்கள். வாயிலிருந்தோ மூக்கிலிருந்தோ வெள்ளைப் புகை வெளியே வந்தால் மருந்து உள்ளே போகவில்லை. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழல் ஒன்றை வாங்கிப் பம்போடு பொருத்தினால் இந்தத் தகராறு பெரும்பாலும் தீர்ந்துவிடும். மருந்துக் கடைகளில் கிடைக்கும்.

இனி மூலிகைக்கு வருகிறேன். ஆடாதோடையைக் கிராமத்து வைத்தியம் என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதன் இலையில் வாசிசின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. அதை அடியொற்றி உருவாக்கப்பட்டதுதான் புரோம்ஹெக்சின். அது உடலுக்குள் போய் மாறும் வடிவம் அம்ப்ராக்சால். கடையில் வாங்கும் சளி மருந்து புட்டிகளில் பாதியில் இந்த இரண்டில் ஒன்றின் பெயர் இருக்கும். கெட்டிச் சளியை இளக்கி வெளியே கொண்டுவரும் என்பது நம்பத்தகுந்த விஷயம். ஆனால் சளியை இளக்குவது வேறு, சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் ஆடாதோடையை அவர்கள் பக்கமே கொண்டுபோகாதீர்கள்; வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் உண்டு.

தூதுவளையைப் பற்றி, ஆஸ்துமா நோயாளிகளுக்குப் பொடியாகக் கொடுத்து மூச்சளவைப் பரிசோதித்த சிறிய ஆய்வு ஒன்று 1999-இல் வெளிவந்தது. கண்டங்கத்திரியும் கூடவே சோதிக்கப்பட்டது. இரண்டிலும் சில மணி நேரத்துக்கு மூச்சு ஓரளவு இலகுவானது. வழக்கமான மருந்துகளின் அளவுக்கு எட்டவில்லை. சில நோயாளிகளைக் கொண்டு குறைந்த காலத்தில் செய்யப்பட்ட ஆய்வை வைத்து 'குணமாக்கும்' என்று சொல்ல முடியாது, 'ஒன்றுமே இல்லை' என்றும் தள்ள முடியாது. என் அபிப்பிராயம் கேட்டால், தூதுவளை சாப்பாட்டில் இருப்பது நல்லது. இலையின் பின்புற நரம்பில் இருக்கும் முள்ளைக் கத்தியால் சீவி, நெய்யில் வதக்கி, மிளகு சீரகத்தோடு துவையலோ ரசமோ வைத்துக் கொடுங்கள். டப்பாவில் வரும் பொடியில் எவ்வளவு தூதுவளை, எவ்வளவு வேறு எதுவோ என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. துவையலில் அந்தச் சந்தேகம் இல்லை.

கபசுரக் குடிநீர் பதினைந்து சரக்குகள் சேர்ந்தது; சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு எல்லாம் அதில் அடக்கம். 2020-இல் தெருத்தெருவாகக் கொடுத்த நாளிலிருந்து பலர் அதைக் காப்பி போல அன்றாடம் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அது காய்ச்சலும் கபமும் சேர்ந்த நோய்க்குச் சில நாட்கள் கொடுக்கும் கஷாயம். மாதக்கணக்கில் குடிக்க வேண்டும் என்று சித்த மருத்துவர்களே சொல்வதில்லை. சீந்திலைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். எண்ணிக்கை சிறியதுதான், எல்லோருக்கும் வராது. ஆனால் அம்மா ஏற்கனவே பல மாத்திரைகள் சாப்பிடுகிறவர்.

அவருடைய சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் இவற்றோடு என்ன உறவு என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மணப்பாகு என்பது சர்க்கரைப் பாகு. அத்துடன் தேன், பனங்கற்கண்டு என்று சேர்த்தால் சர்க்கரை அளவு ஏறாமல் என்ன செய்யும்? சளிக்கு என்று அதிமதுரம் சேர்க்கச் சொல்பவர்கள் அடுத்து வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதிலுள்ள கிளைசிரைசின் உப்பையும் நீரையும் உடலில் தங்கவைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். சால்ப்யூட்டமாலும் பொட்டாசியத்தைக் குறைப்பதுதான். அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் அதுவும் குறைக்கும். மூன்றும் ஒரே பக்கம் இழுத்தால் இதயத் துடிப்பு தடுமாறலாம். திப்பிலி, மிளகில் உள்ள பைப்பரின் சில மருந்துகளை இரத்தத்தில் அதிகமாக ஏறச் செய்யும். இளைப்புக்குத் தரும் தியோஃபிலின் அவற்றில் ஒன்று. ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். நான் சொல்வது தினம் கரண்டி கரண்டியாக எடுக்கும் சூரணத்தை.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது பெயரில்லாத பொட்டலங்களுக்கு. பரம்பரை வைத்தியம் என்று கொடுக்கும் பொடியைச் சாப்பிட்ட இரண்டே நாளில் பல வருட இளைப்பு பறந்துவிட்டது என்றால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள். பசி திடீரென்று கூடும், முகம் உப்பும், சர்க்கரை நோயாளியாக இருந்தால் சர்க்கரை தாறுமாறாக ஏறும். அப்படிப்பட்டதைப் பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். செந்தூரம், பற்பம் என்றால் அது மூலிகை அல்ல, தாதுக்கள் சேர்ந்தது. பாதரசமோ பாஷாணமோ இருக்கலாம். தகுதி பெற்ற சித்த மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடக்கூடாது. ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தின் லேபிளிலும் அச்சடிக்கக்கூடாது என்று மருந்துச் சட்ட விதிகளின் ஷெட்யூல் ஜே சொல்கிறது. ஆகவே அப்படி அச்சடித்தவர் முதல் வரியிலேயே சட்டத்தை மீறியவர். ஆண்டுதோறும் ஜூனில் ஹைதராபாத்தில் உயிருள்ள மீனுக்குள் மருந்து வைத்து விழுங்கக் கொடுப்பதைப் பற்றியும் கேட்பார்கள். நம் ஊரிலிருந்தும் ரயிலேறிப் போகிறார்கள். போய் வந்தவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: பம்பைப் பையில் எடுத்துக்கொண்டு போனீர்களா?

ஆவி பிடிப்பதில் மூக்கடைப்புக்குச் சற்று இதம் உண்டு. இளைப்பை அது தீர்ப்பதில்லை. கற்பூரமும் தைலமும் போட்டுப் பிடித்தால் சிலருக்கு மூச்சுக்குழாய் இன்னும் இறுகும். சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் மூன்றும் அம்மா படுக்கும் அறையில் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்றால் அந்த நேரத்துக்கு அவர் வெளித் திண்ணையில் உட்காரட்டும்.

இப்போது பத்தியம். மூலிகையால் உடம்பு கெட்டவர்களைவிடப் பத்தியத்தால் மெலிந்துபோனவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பால் குடித்தால் சளி கூடும் என்பது நம் நாட்டில் மட்டும் இருக்கும் நம்பிக்கை அல்ல. ஆஸ்திரேலியாவில் சிலருக்குச் சளிக் கிருமியையே கொடுத்து, அவர்கள் குடித்த பாலையும் மூக்கிலிருந்து வந்த சளியையும் அளந்து பார்த்தார்கள். பால் அதிகம் குடித்தவர்களுக்குச் சளி அதிகம் வரவில்லை. பால் தொண்டையில் சற்று கெட்டியாகப் படிவதால் சளி போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். முட்டை, வாழைப்பழம், ஆரஞ்சு ஆகியவற்றைப் பொதுவாக விலக்க எந்த ஆதாரமும் இல்லை. விதிவிலக்கு உண்டு. இறால், நிலக்கடலை, முட்டை என்று ஏதாவது ஒன்று சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு தடித்து, அரிப்பெடுத்து, மூச்சு இரைத்தால் அது உண்மையான ஒவ்வாமை. அதை அடியோடு விட வேண்டும். கெடாமல் இருக்க சல்ஃபைட் சேர்த்த உலர்பழங்கள் சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஆகாது. ஐஸ் தண்ணீர் குடித்தவுடன் இருமல் வருகிறது என்று ஒருவர் சொன்னால் நான் வாதாட மாட்டேன், அவருக்கு வேண்டாம். ஆனால் ஒருவருடைய அனுபவம் பட்டியலாகி ஊருக்கெல்லாம் சட்டமாவதைத்தான் ஏற்க முடியவில்லை.

பட்டியலின் விளைவைப் பாருங்கள். பால், தயிர், முட்டை மூன்றையும் நிறுத்திய வீட்டில் சைவச் சாப்பாடு என்றால் மிச்சம் இட்லி, ரசம் சாதம், கஞ்சி. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம், ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு கிண்ணம் சோற்றில் அதில் பாதிதான். 45 கிலோ எடையுள்ள, நெடுநாள் நெஞ்சு நோய் உள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ரசம் சாதத்தில் அது எங்கிருந்து வரும்? புரதம் குறைந்தால் தொடைச் சதை மட்டும் கரைவதில்லை. மூச்சை இழுக்கும் உதரவிதானமும் விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகளும் சேர்ந்துதான் மெலிகின்றன. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் எடை குறைந்தவர்களின் நிலை சீக்கிரம் மோசமாகிறது என்பது உறுதியான விஷயம். நுரையீரலுக்கு நல்ல உணவு எது என்று கேட்டீர்களே, அதற்கு நான் தெரிந்து சொல்லும் பதில் இதுதான்: நிறுத்தியதையெல்லாம் திரும்பக் கொடுங்கள்.

நான்கு கிலோ குறைந்ததற்குப் பத்தியம் மட்டுமே காரணம் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். இருக்கலாம். ஆனால் சர்க்கரை நோய் உள்ள ஒருவர் வாரக்கணக்கில் இருமுகிறார், எடை குறைகிறது என்றால், காசநோயை விலக்காமல் வேறு எதையும் பேச மாட்டோம். சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். காய்ச்சலும் இரத்தமும் வந்தால்தான் காசநோய் என்று காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். காலை எழுந்ததும் வாய் கொப்பளித்து, ஆழமாக இருமி வரும் கெட்டிச் சளியைக் கொடுக்க வேண்டும். எச்சிலைக் கொடுத்தால் விடை பொய்யாக வரும். கூடவே நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஒன்று. சர்க்கரை கட்டுப்பாடு இல்லாமல் போனாலும் எடை குறையும் என்பதை மறக்கக்கூடாது.

உணவால் காசநோய் போகுமா என்ற கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஊர் சென்னை. 1950-களின் கடைசியில் இங்கிருந்த காசநோய் வேதிமருத்துவ மையம், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்க வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தது. மறு பாதியை நெரிசலான தங்கள் வீட்டிலேயே, இருந்த சாப்பாட்டோடு, மருந்து மட்டும் எடுக்கச் செய்தது. ஓராண்டில் இரு பக்கமும் குணமானது ஏறக்குறைய ஒரே அளவு. 1959-இல் முடிவு வெளிவந்ததும் சானடோரியங்களின் காலம் முடிந்தது. மருந்துதான் கிருமியைக் கொல்கிறது என்பதில் அதன் பிறகு சந்தேகமில்லை. ஆனால் அதை வைத்து உணவு முக்கியமில்லை என்று நாங்கள் நெடுங்காலம் அலட்சியமாக இருந்துவிட்டோம். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு அதைத் திருத்தியது. நோயாளியின் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளிடையே இறப்பும் வெகுவாகக் குறைவாக இருந்தது. முக்கியமாகப் பருப்பும் அரிசியும்தான், அதில் மூலிகை ஒன்றும் இல்லை.

காசநோய் இல்லை என்று உறுதியானால், அடுத்து ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை. ஒருமுறை ஊதச் சொல்லி, பம்பு மருந்து கொடுத்துக் கால்மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். நன்றாகத் திறந்தால் ஆஸ்துமா பக்கம். பெரிதாகத் திறக்காவிட்டால் நாட்பட்ட அடைப்பு நோய் பக்கம். பீடி சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கு எப்படி அது வரும் என்று கேட்பார்கள். கேஸ் வருவதற்கு முன் அவர் எத்தனை வருடம் விறகடுப்பில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். இன்றும் வெந்நீருக்கு மட்டும் விறகு என்றால் அதை நிறுத்துவது எந்தக் கஷாயத்தையும்விட அதிகம் உதவும்.

சாப்பாட்டில் இனி இப்படிச் செய்யலாம். ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சு இன்னும் முட்டும்; ஆகவே சிறிது சிறிதாக ஐந்து ஆறு வேளை. காலையில் முட்டை, நடுவில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை அல்லது சுண்டல், மதியம் சோற்றைக் குறைத்துப் பருப்பும் கீரையும் தயிரும், மாலையில் சர்க்கரையில்லாத பால், இரவு அடை. மீன் சாப்பிடுபவர்கள் என்றால் நல்லது. சிறுநீரகம் பாதித்திருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும், கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள். நெல்லிக்காய், கொய்யா தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் சளி வராமல் தடுக்கும் என்று எதிர்பார்த்து அல்ல. வைட்டமின் சி தினம் எடுத்தவர்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி சற்று முன்னதாகத் தீர்ந்தது. வைட்டமின் டி கதை இன்னும் சுவாரசியமானது. ஆஸ்துமா மோசமாவதைக் குறைக்கிறது என்று 2016-இல் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொன்னார்கள். புதிய ஆய்வுகளைச் சேர்த்து 2023-இல் திரும்பத் தொகுத்தபோது அந்தப் பலன் காணாமல் போயிருந்தது. இரத்தத்தில் குறைவாக இருந்தால் எலும்புக்காகக் கொடுங்கள், மூச்சுக்காக வேண்டாம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியவை: பம்பை நிறுத்தாதீர்கள், கபசுரக் குடிநீரையும் மணப்பாகையும் நிறுத்துங்கள், தூதுவளையைத் துவையலுக்கு மாற்றுங்கள். நாளைக் காலை சளி மாதிரியோடு அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அம்மா சாப்பிடும் எல்லாவற்றையும், பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசையில் கொட்டுங்கள், திட்டினால் திட்டட்டும். அதற்குள் ஏதாவது ஒரு நேரத்தில் அவரால் ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்லி முடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பம்பு அடித்தும் கால்மணி நேரத்தில் தணியவில்லை என்றாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உட்கார வைத்தே இருங்கள், படுக்க வைக்காதீர்கள்.